ஷாரோவின் தாடி முழுக்க முள்

வீட்டு நாய் ஷாரோவுக்குத் தினமும் மக்காச்சோளக் களி வைப்பது சும்ரா. தேங்காய் நார் மாதிரி சொரசொரப்பான அதன் முடியில் ஒட்டும் முட்களை எடுப்பதும் அவள்தான். ஆனால் அண்ணன் இஸ்மெத் ஒரு விசில் அடித்தால் போதும். பாதிக் களியை விட்டுவிட்டு ஓடிவிடும்.

"அவன் வேட்டை நாய். வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறவன் பின்னாலதான் வருவான். நீ முள்ளு எடு," என்பான் இஸ்மெத்.

சும்ராவுக்கு வயிறு எரியும்.

ஷாரோவ் பராக் இனம். போஸ்னிய மலைகளுக்கென்றே அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் வளர்த்தெடுத்தது. அடர்ந்த புருவம், மீசை, தாடி. குளிர் அந்த முடிக்குள் போகாது. முயல் வாசம் பிடித்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதிலும் போகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டையிலும் ஷாரோவ் அப்படித்தான் ஓடியது. திரும்பவில்லை. அப்பாவும் இஸ்மெத்தும் இருட்டும்வரை கூப்பிட்டார்கள். கடைசியில், அவிழ்த்துவிட்ட இடத்திலேயே இஸ்மெத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். அங்கே எல்லா வேட்டைக்காரர்களும் செய்வதுதான். தொலைந்த நாய் அந்த இடத்துக்குத் திரும்பி வரும். பழகிய வாசனை இருந்தால் ஆள் வரும்வரை அதன்மேல் படுத்துக் கிடக்கும்.

விடிந்ததும் சும்ரா யாரிடமும் சொல்லாமல் மலையேறினாள். ஸ்வெட்டர் மட்டும் ஈரமாகக் கிடந்தது. அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் கழுத்துத் துணியை அங்கே விரித்தாள்.

"இப்ப யார்கிட்ட வர்றான்னு பாக்குறேன்."

தூரத்தில் ஒரு குரைப்பு. ஷாரோவின் கனத்த குரல்தான், ஆனால் கம்மிப்போயிருந்தது.

பாவம், தன்னை அவிழ்த்துவிட்டவனைத்தானே தேடி வரும்? அந்த வாசனை இல்லையென்று மறுபடி எங்கேயாவது போய்விட்டால்?

சும்ரா ஸ்வெட்டரை உதறி விரித்தாள். துணியை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. பக்கத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அண்ணனை எழுப்பி இழுத்து வந்தாள்.

ஷாரோவ் ஸ்வெட்டர் மேல் படுத்திருந்தது. துணியை முகர்ந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. சும்ரா ஒரு கல்லில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தாள்.

இஸ்மெத் விசில் அடித்தான். ஷாரோவ் எழுந்தது. நொண்டி நொண்டி அவனைத் தாண்டி வந்து, முள் அப்பிய தாடியைச் சும்ராவின் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"கூப்பிட்டது நான். உங்கிட்ட வர்றான்," என்றான் இஸ்மெத். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"பொறாமையா, அண்ணா?"

"ஆமா."

அது எப்படி இருக்கும் என்று சும்ராவுக்கு நன்றாகத் தெரியும். கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு. அவன் காலைப் பிடிச்சுக்கோ. பெரிய முள்ளு அதுலதான் இருக்கு."