ஓடைக்கரை முத்தக் கதவு

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலையும் நேரத்தில் ஆட்ரி அந்தக் கிராமத்துப் பப்புக்குள் நுழைந்தாள். ஞாயிறுதோறும் வருகிறவள். அரை கிளாஸ் ஆப்பிள் சைடர் குடித்துவிட்டு வயல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். திரும்பியதும் ஒரு கிண்ணம் சூப். அதன்பின் அடுத்த ஞாயிறு வரை வீட்டில் பேச்சுக்குரல் என்றால் வானொலிதான்.

"மறுபடியும் அதே சுத்தா?" என்றாள் கடைக்காரி மார்ஜ். "செம்மறியாடுகூட எப்பவாவது வழிய மாத்தும், ஆட்ரி."

"இன்னைக்கு மாத்தத்தான் போறேன். காட்டுப் பக்கமாக் கிளம்புறேன்."

"அடேயப்பா, ஊரே புரண்டுடுமே! சூப்ப சூடா வைக்கிறேன். இருட்டுறதுக்குள்ள வந்து சேரு."

அந்தப் பாதை பப்பில் தொடங்கிப் பப்பிலேயே முடிகிற வட்டம். முதலில் தேவாலயம், பிறகு ஓடைக்கரை, கடைசியில் காட்டோரம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்தக் கதவு உண்டு. அது எளிய பொறிதான். வளைந்த வேலிக்குள் ஊசலாடும் சின்னக் கதவு. அதைத் தள்ளி, வளைவுக்குள் ஒதுங்கி நின்று, கதவை நம்மைத் தாண்டி மறுபக்கம் ஆட்டிவிட்டபின்தான் வெளியேற முடியும். நீள உடம்புக்கு உள்ளே திரும்ப இடமில்லாததால் ஆடுகள் தப்பிப் போகாது. மனிதர்களும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். பூட்டு கிடையாது. கீல்களைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள். கைவிட்டால் கதவு தன் பாரத்தாலேயே சரிந்து வந்து கட்டையில் மோதும்.

டக்.

பெயருக்கேற்ற ஒரு பழைய வழக்கமும் உண்டு. முதலில் கடந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவரிடம் ஒரு முத்தம் வாங்கிக்கொண்டுதான் வழிவிடுவார். ஆட்ரி எப்போதும் முன்னால் நடப்பாள். அவள் கணவர் டெரிக், பெப்பர்மின்ட் மிட்டாயைச் சுவைத்தபடி, வேலியையும் கீலையும் ஆராய்ந்துகொண்டு பின்னால் வருவார்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஓடைக்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். டெரிக் சில அடி தள்ளியே நின்றுவிட்டார். காலியாக இருந்த வளைவைப் பார்த்து, "நீங்க முதல்ல வாங்க" என்று மரியாதையாக ஒதுங்கினார். அப்படியே சரிந்தார்.

இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

அதற்குப் பிறகு அவள் தனியாக நடந்த ஒவ்வொரு முறையும், அவளுக்கு முன்னால் கதவுகள் மோதும் ஓசை கேட்டது. விரைந்தாலும் எட்டவில்லை. நின்றால் அதுவும் நின்றது. டெரிக்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு முறை அவரைப் பார்த்துவிட்டால் போதும். போன வாரம்தான் ஒன்று உறைத்தது. வட்டத்தில் முன்னால் போகிறவரைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. எதிர்த்திசையில் நடந்தால் எங்காவது ஓரிடத்தில் சந்தித்தே ஆகவேண்டும்.

காட்டோரக் கதவைக் கடந்தாள். பனிமூட்டம் வயல் மேல் படிந்திருந்தது. ஆடுகள் மெல்லும் ஓசைகூட இல்லை.

தூரத்தில் தேவாலயக் கதவு மோதியது. அதற்கு மட்டும் இரும்புச் சட்டம் என்பதால் ஓசையோடு ஒரு மெல்லிய ரீங்காரமும் எழும்.

அவர் வருகிறார்.

ஓடைக்கரைக் கதவருகே போய் நின்றாள். வெகுநேரம் கழித்துக் கதவு தானாக அசைந்தது. பெப்பர்மின்ட் வாசனை.

"மன்னிச்சுக்குங்க" என்றது டெரிக்கின் குரல், மிக அருகில். முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் அதே தொனி. "இந்தப் பக்கமா என் மனைவி போனதப் பாத்தீங்களா? சிவப்புத் தொப்பி போட்டிருப்பா. எனக்கு முன்னாடி கேட் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. எவ்வளவு வேகமா நடந்தாலும் பிடிக்க முடியல."

வட்டம்தானே. அவளுக்கு அவர் முன்னால் என்பதுபோலவே அவருக்கு அவள் முன்னால்.

"டெரிக், நான்தான். ஆட்ரி."



"இல்லைங்க" என்றது குரல், அவள் மனம் நோகக்கூடாதே என்பதுபோல. "அவ தலைமுடி கறுப்பு. பரவால்ல, இன்னும் கொஞ்சம் வேகமா போய்ப் பாக்குறேன். இருட்டப் போகுது, பாத்துப் போங்க."

டக்.

மார்ஜ் வைத்திருந்த சூப்பை அன்று அவள் தொடவே இல்லை.

அடுத்த ஞாயிறு, அலமாரியின் அடியிலிருந்து சிவப்புத் தொப்பியை எடுத்தாள். நரைத்த முடி ஒன்றுகூடத் தெரியாமல் உள்ளே செருகிக்கொண்டாள். பழைய திசையிலேயே நடந்தாள். அவர் அவளைப் பிடிக்கட்டும். காத்திருந்தால் போதும்.

தேவாலயக் கதவு அவள் கடந்ததும் ரீங்கரித்து அடங்கியது. முன்னால் எந்த ஓசையும் இல்லை. ஓடைக்கரைக் கதவைக் கடந்து, திரும்பி, அந்தக் காலத்தில் போலவே அதைப் பிடித்துக்கொண்டாள்.

மூட்டம் வேலிவரை வந்துவிட்டது.

கையில் பாரம் தட்டியது. யாரோ மறுபக்கமிருந்து கதவை மெல்லத் தள்ளினார்கள்.

"முதல்ல கொடுக்கவேண்டியதக் கொடுங்க" என்று சிரித்தாள். கண்களை மூடி முகத்தை நீட்டினாள்.

உதட்டில் குளிர் பட்டது. ஈரமான, நெடுநேரம் விலகாத குளிர்.

பெப்பர்மின்ட் வாசனை இல்லை. ஓடையின் அடிச்சேற்று நாற்றம்.

அப்போது வெகுதூரத்தில், மூட்டத்துக்கு அப்பால், தேவாலயக் கதவு மோதி ரீங்கரித்தது.

டெரிக் இப்போதுதான் அங்கே வருகிறார். காலியான வளைவைப் பார்த்து அன்று அவர் ஒதுங்கி வழிவிட்டது அவளுக்கு நினைவு வந்தது.

ஆட்ரி கதவிலிருந்து கையை எடுத்தாள். தன் பாரத்தாலேயே சரிந்து மூடவேண்டிய கதவு பாதியில் நின்றது. கண்களைத் திறக்காமல் அவள் காத்திருந்தாள்.

அது மூடவே இல்லை.