இடைக்கதவுக்கு அந்தப் பக்கம்

இடித்துத் தரைமட்டமாக்கிய வீட்டிலிருந்து மிக்சி ஓடும் சத்தம் கேட்டது.

வேல்விழி அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கூர்மையாக்கினாள். கார்த்திகை மழையில் மாலையிலிருந்தே தெருவுக்குக் கரண்ட் இல்லை. ஓட்டிலிருந்து வழிந்த நீர் முற்றத்தில் கொட்டும் ஓசைக்கும், தூரத்து நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரைந்து போகும் ஓசைக்கும் நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம், தேங்காயும் பொட்டுக்கடலையும் முதலில் கரகரத்துப் பிறகு குழைந்து இறங்குமே, அந்தச் சத்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகியது. பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளின் மிக்சி. நின்றது. யாரோ மூடியைத் தட்டினார்கள். மறுபடி ஓடியது.

தாயாரம்மாள் ஆவணியிலேயே வீட்டை விற்றுவிட்டு மகனோடு தண்டலத்துக்குப் போய்விட்டாள். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருந்தது. அடுக்குமாடிக்கு அடித்தளம் போட மூன்று ஆள் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய தெருவில் வீடுகள் ஒன்றுக்கொன்று சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. தெருவை வாங்கிப் பதினாலு மாடி எழுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் சேர்ந்துதான் எதிர்த்தார்கள். ஊர்வலம் போனார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. வழக்கில் கடைசியாக மிஞ்சியவள் வேல்விழி ஒருத்திதான். ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டும் அவள் கணவன் டில்லிபாபுவும் அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேட்டுவிட்டான்.

"தெருவுல ஆளே இல்ல. யாருக்கோசரம் கேஸ் நடத்திக்கினு கீற?"

"தெருவுக்கோசரம்தான்" என்றாள். அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது தாளிக்கிற வாசனையும் வந்தது. சூடான எண்ணெயில் கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்து, ஈரச் சுவரைத் தாண்டி மூக்கில் ஏறியது. பில்டரின் ஆட்கள்தான், என்று சொல்லிக்கொண்டாள். போன மாதம் தண்ணீர்க் குழாயை உடைத்தார்கள். இப்போது ஸ்பீக்கர் வைத்து மிரட்டுகிறார்கள். அப்படி நினைத்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு கொஞ்சம் தைரியமும் வந்தது. வாசனையை எந்த ஸ்பீக்கரில் வைப்பார்கள் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

தாயாரம்மாளின் நம்பருக்குப் போன் போட்டாள். மகன் கோதண்டராமன் எடுத்தான்.

"அம்மாகிட்ட குடு கோதண்டா. ஒரு வார்த்தை பேசணும்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உனக்குத் தெரியாதாக்கா? வூடு மாறினதுலேந்து அம்மா பேசுறதே இல்ல. தொண்டையில ஒண்ணும் இல்லன்றாங்க டாக்டருங்க. வாயத் தொறக்குது. சத்தம்தான் வர்ல."

"அழுதாக்கூடயா?"

"அழுதாக்கூட."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"வேலு, தண்ணி வந்துச்சா?"

இரண்டு சமையலறைக்கும் நடுவே ஓர் இடைக்கதவு உண்டு. குழம்புக் கிண்ணங்கள் போய் வந்த கதவு. பள்ளம் தோண்டியதும் டில்லிபாபு அதைத் தாழ்போட்டு, முன்னால் அரிசி டிரம்மை நகர்த்தி வைத்திருந்தான். குரல் அந்தக் கதவை ஒட்டினாற்போல வந்தது. தாயாரம்மாளேதான். வெற்றிலை குதப்பிய அதே குரல்.

"யாருக்கா அது?" போனில் கோதண்டராமன் கேட்டான். "அம்மா இங்க என் பக்கத்துல உக்காந்துகினு கீது."

"இன்னும் வர்லக்கா."

சொன்னவள் வேல்விழிதான். கதவைப் பார்த்து. இத்தனை வருடப் பழக்கத்தில் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. சொல்லி முடித்ததும் தொண்டையிலிருந்து ஒரு நூலை மெல்ல உருவினாற்போல இருந்தது.

"ஹலோ? அக்கா? கேக்குதா?"

கேட்கிறது என்றாள். அவன் மறுபடியும் ஹலோ என்றான். சிக்னல் இல்லை போலும், என்று வைத்துவிட்டாள்.

படம் பிடித்து வக்கீலிடம் காட்டிவிட வேண்டும். போனை எடுத்துக்கொண்டு குடையில்லாமல் இறங்கினாள். தெருமுனையைச் சுற்றிப்போய், தகர வேலியின் இடுக்கில் நுழைந்து, பள்ளத்துக்கு எதிர்க்கரையில் நின்றாள். காலடியில் சேறு வழுக்கியது. அங்கிருந்து அவள் வீட்டுச் சுவர் முழுதாகத் தெரிந்தது. அதில் இன்னும் தாயாரம்மாளின் சமையலறை ஒட்டிக்கொண்டிருந்தது. நீலச் சுண்ணாம்பு, அடுப்புக்கரி, அலமாரிப் பலகை இருந்த தடம். நடுவில் இடைக்கதவு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பள்ளம். கறுப்புத் தண்ணீர்.

ஸ்பீக்கர் இல்லை. ஒயர் இல்லை. ஆள் இல்லை.

வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. டில்லிபாபு.

"வேல்விழி, எங்கமே கீற?"

இங்கே இருக்கிறேன் என்று கத்தினாள். வாய் திறந்தது. காற்று வந்தது. குரல் வரவில்லை.

குரல் எதிரிலிருந்து வந்தது. வெற்றிடத்தின் நடுவிலிருந்து. அவளுடைய குரல்.

"இங்கதான். உள்ள வாங்க. இன்னாத்துக்கு நனையறீங்க?"

வேண்டாம். வேண்டாம். கழுத்து நரம்புகள் புடைத்தன. சத்தம் இல்லை. கல்லை எடுத்து எறிந்தாள். அது பாதியில் தண்ணீரில் விழுந்தது. போன் வெளிச்சத்தை வீசி ஆட்டினாள்.

கதவுக்குப் பின்னால் டிரம் நகரும் சத்தம் கேட்டது. தாழ் விலகும் சத்தம்.

கதவு திறந்தது.

கையில் போன் டார்ச்சோடு டில்லிபாபு. கீழே பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. நேர் எதிரே யாரையோ பார்த்தான். முகத்தில் கூச்சமான சிரிப்பு, விருந்து வீட்டில் நுழைகிறவனைப் போல. ஷூவைக் கழற்றினான். ஓரமாகத் தள்ளி வைத்தான்.

காலை எடுத்து வைத்தான்.

விழவில்லை.

இன்னொரு அடி. இன்னொன்று. பள்ளத்தின் நடுவில் நின்றான். சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் போனை வைத்தான். வெளிச்சம் அந்தரத்தில் நின்றது.

சுற்றிலும் மழை கொட்டியது. அவன்மேல் மட்டும் ஒரு துளி விழவில்லை. யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். அவனுக்குப் பின்னால், சுவரில் அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.