நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

காலை 9.40.

மூன்று பி வார்டில், ஏழாம் எண் கட்டிலின் தலைமாட்டில் நின்ற மருந்து இயந்திரம் பேசியது.

"கொஞ்சம் இருங்க. நீங்க எழுதினது புரியல."

ஆண் குரல். லேசாகக் கரகரத்த, யாரையும் அவசரப்படுத்தாத குரல். ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு மாதமே ஆகி, அன்றுதான் அந்த வார்டுக்கு மாறி வந்திருந்த டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற வார்டுகளில் தப்பாக எதையாவது தட்டினால் இதே இயந்திரம் பீப் என்று கத்தும். பேசாது. அவர் தட்டிய வரியை அழித்துவிட்டு, மறுபடி தட்டினார். அரை மில்லி. இந்த முறை பச்சை விளக்கு எரிந்தது.

நான்காவது நிமிடம், கட்டிலில் படுத்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் உதடுகள் நீலம் பாரித்தன. தலைமை நர்ஸ் ஓடி வந்து குழாயைப் பிடுங்கினார். திரையில் ஐந்து மில்லி என்றிருந்தது. பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது.

காலை 11.15.

மருத்துவக் கருவிப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தொடும் பெண்மணி. இந்த வேலைக்கு வருமுன் அச்சகம் ஒன்றில் எட்டு வருடம் பிழை திருத்தியவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஓரத்தில் வரிகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"என்ன தட்டினீங்க?" என்று டாக்டரைக் கேட்டார்.

"புள்ளி அஞ்சு மேடம். முன்னாடி பூஜ்யம் போடல. ஆனா வேற வார்டுல அப்படித் தட்டினா மிஷின் ஏத்துக்காது. பூஜ்யம் போடுன்னு கேக்கும். இது புள்ளியை விட்டுட்டு அஞ்சுன்னு எடுத்துக்கிச்சு."

"குரல்?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளம் நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னாள்: "அது தாடி சாரோட குரல் மேடம். இந்த மிஷினுக்கெல்லாம் புரோகிராம் எழுதினவரு. எங்களுக்குச் சொல்லிக் குடுக்க வருவாரு. செத்துப் போய் நாலு மாசம் ஆகுது."

"இதுக்கு முன்னாடி கேட்டிருக்கியா?"

"மத்த வார்டுல எல்லாம் நின்னதுக்கு அப்புறம் ரெண்டு தடவை. பயந்து ஓடிட்டேன். தலைமை சிஸ்டர்கிட்ட சொல்லலாம்னா, அவங்களே நாலு மாசமா யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசுறதில்ல."

ஆய்வாளர் இயந்திரத்தின் பதிவை எடுத்துப் படித்தார். கடந்த இரண்டு மாதத்தில், ஒவ்வொரு வேலை நாளும் காலை 7.05க்கு ஒரு வரி. நோயாளி எண் இல்லை, மருந்துப் பெயர் இல்லை. ஒரே ஒரு கேள்விக்குறி. மொத்தம் ஐம்பத்தொரு தடவை.

"இது யாரு?"

"நான்தான்," என்றார் தலைமை நர்ஸ். "டியூட்டிக்கு வந்ததும் மிஷின் வேலை செய்யுதான்னு பாப்பேன்." அவர் கண்கள் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. டிரைவரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனபின் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தன.

பகல் 1.20.

இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் நான்கு தெரு தள்ளி, இரண்டாம் மாடியில் இருந்தது. மேனேஜர் வாசலிலேயே நின்றார்.

"எங்களுக்கு மறைக்க ஒண்ணும் இல்ல மேடம். டாக்டர் எழுதுற வரியை எப்படிப் படிக்கணும்னு ஒரு இலக்கணக் கோப்பு இருக்கு. அதை எழுதுறவங்க இவங்க. தப்பு அங்கதான் இருக்கணும். வேலை நீக்கக் கடிதம் தயாரா இருக்கு."

அவர் சுட்டிக் காட்டிய பெண்ணுக்கு அலுவலகத்தில் 'இலக்கணம்' என்றே பெயர். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அழுது ஓய்ந்த முகம். ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது.

"மேடம், வெறும் புள்ளியில ஆரம்பிச்சா ஏத்துக்காதேன்னு கோப்புல தெளிவா இருக்கு. பேசற குரலையும் ரெண்டு மாசம் முன்னாடியே எடுத்தாச்சு. வார்டுல தூங்கறவங்க முழிச்சுக்கறாங்கன்னு புகார் வந்துச்சு. ஒலிப்பதிவு மிஷினுக்குள்ள சும்மா கிடக்கும், ஆனா அதைக் கூப்பிடற வரி என் கோப்புல இல்லவே இல்ல."

"கோப்பு நேரா மிஷினுக்குப் போகுமா?"

"இல்ல மேடம். பார்சர் ஜெனரேட்டர் அதைப் படிச்சு, டாக்டர் தட்டற வரியைப் படிக்கிற பார்சர்னு ஒரு புரோகிராமை அதுவே எழுதும். அதுதான் மிஷினுக்குப் போகும்."

"ஜெனரேட்டரா? கரண்ட் போனா ஓடுமே, அதுவா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். நாற்பது வயது, சவரம் செய்யாத முகம். எழுதியதையெல்லாம் சேர்த்துக் கட்டி ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனியாக அனுப்புவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் 'பில்ட் அண்ணன்'.

"அந்த ஜெனரேட்டர் ஒரு பிடிவாதக்காரன் மேடம். எதைக் குடுத்தாலும் ஒரே பேர்லதான் எழுதி வைக்கும். ரெண்டு வார்டுக்கு ஒரே சமயத்துல ஓட்டினா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். அதனால ராப்பர்னு, கட்டளைகளை வரிசையா எழுதின ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். தனியா ஒரு தற்காலிக ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள ஜெனரேட்டரை ஓட விட்டு, எழுதினதைச் சரியான பேர்ல வெளிய எடுத்துட்டு, ஃபோல்டரை அழிச்சிடும். மாமா எழுதி வச்சது. யாரும் தொடறதில்ல."

ஆய்வாளரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"மூணு பி வார்டுக்கு அனுப்பினதை இங்க ஓட்டிக் காட்டுங்க."

பிற்பகல் 2.10.

மேசை மேல் சோதனை இயந்திரம். முதலில் வேறொரு வார்டின் மென்பொருளை ஏற்றினார்கள். ஆய்வாளர் ஒரு கேள்விக்குறியைத் தட்டினார். பீப். பிறகு மூன்று பி வார்டின் மென்பொருள். அதே கேள்விக்குறி.

"கொஞ்சம் இருங்க. நீங்க எழுதினது புரியல."

நல்ல வெயில் நேரம். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. ஆனாலும் இலக்கணம் இரண்டடி பின்வாங்கினாள். இறந்தவரை அவள் பார்த்ததே இல்லை; அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் மூன்று மாதமாக உட்கார்கிறாள். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பில்ட் அண்ணன் மட்டும் அசையவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, குரல் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் காலையில கட்டினதுதானே இது?"

"ஆறு மணிக்குத் தானா ஓடினது மேடம்," என்றாள் இலக்கணம். "பதிவைப் பாருங்க. ஜெனரேட்டர் ஓடியிருக்கு. பார்சர் தயார்னு இருக்கு. ஒரு எச்சரிக்கை கூட இல்ல."

"எனக்கு ரெண்டு காகிதக் கட்டு வேணும். உங்க இலக்கணக் கோப்பு ஒண்ணு. மூணு பி வார்டோட பார்சர் ஒண்ணு."

"பார்சரா? அதை மனுஷங்க யாரும் படிக்கிறதில்ல மேடம்!"

"அதனாலதான்."

பிற்பகல் 3.10.

இரண்டு கட்டுகளும் விரிந்து கிடந்தன. ஆய்வாளருக்குப் புரோகிராம் தெரியாது. பென்சிலை வைத்துக்கொண்டு, அச்சகத்தில் செய்தது போலவே வரி வரியாக இறங்கினார். பார்சரில் பத்திருபது வரிக்கு ஒருமுறை ஓர் எண்ணும் கோப்பின் பெயரும் வந்துகொண்டே இருந்தன.

"இந்த எண் என்ன?"

"இந்தத் துண்டு இலக்கணக் கோப்போட எத்தனையாவது வரியிலேருந்து வந்ததுன்னு ஜெனரேட்டர் குறிச்சு வைக்கும்."

பென்சில் ஓரிடத்தில் நின்றது. "இங்க நானூத்திப் பன்னிரண்டுன்னு இருக்கு. உங்க கோப்புல மொத்தம் எத்தனை வரி?"

இலக்கணம் தன் கோப்பின் கட்டை இழுத்தாள். கடைசித் தாளைப் புரட்டினாள்.

"முந்நூத்தி எண்பத்தெட்டு."

இல்லாத வரியிலிருந்து பிறந்த புரோகிராம் அது.

"குரலை எடுத்ததும் கோப்பு சுருங்கிருச்சு," என்றாள் அவள். "இது பழைய பார்சர். ஆனா எப்படி? ஜெனரேட்டர் ஓடியிருக்கே!"

"ஓடியிருக்கு. ஓடினதுக்கு அப்புறம்தான் ஏதோ நடந்திருக்கு. அந்த ராப்பரைத் திறங்க."

எண்பது வரி இருக்கும் அந்த ஸ்கிரிப்ட். நடுவில் நான்கு வரிகளில் இலக்கணத்தின் விரல் நின்றது. வார்டு மூன்று பி என்றால், தற்காலிக ஃபோல்டரில் புதிதாக எழுதப்பட்டதை எடுக்காதே. மறைவாக வைத்திருக்கும் பழைய பார்சரை எடுத்து வை. பிறகு ஃபோல்டரை அழி. 'பார்சர் தயார்' என்று சொல். நாள் தவறாமல் புதிய பார்சர் ஒன்று பிறந்து, யார் கண்ணிலும் படாமல் அடுத்த நொடியே அழிந்துகொண்டிருந்தது.

மாலை 4.00.

"யாரோ வெளியாள் வேலை," என்றார் மேனேஜர். "ஹேக் பண்ணியிருக்கான்."

"நாற்பது வார்டு இருக்கு. கெடுதல் பண்ண நினைக்கிறவன் ஒரு வார்டோட ஏன் நிறுத்தணும்?" ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் காலையிலேருந்து அளவையே பாத்துட்டிருந்தேன். அளவு யாரும் திட்டம் போட்டு வந்ததில்ல. திட்டம் போட்டது குரலுக்கு. மிஷின் வேலை செய்யுதான்னு பாக்கறவங்க சரியான வரியைத் தட்டிப் பாப்பாங்க. தினமும் தப்பை மட்டுமே தட்டறவங்க, அது பதில் சொல்றதைக் கேக்க வந்தவங்க."

அவர் பில்ட் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"செத்தவரை எல்லாரும் தாடி சார்ங்கறாங்க. நீங்க மட்டும் மாமான்னீங்க, பில்ட் அண்ணன். காகிதக் கட்டு வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு எதுக்கும் ஒரு போன் பண்ணிக் கேட்டேன். மூணு பி தலைமை சிஸ்டர், ஊருக்கெல்லாம் சிஸ்டர். தாடி சாரோட மனைவி, உங்களுக்குக் கூடப் பிறந்த அக்கா. இல்லையா?"

பில்ட் அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"காரியம் முடிஞ்ச மறுவாரம் வேலைக்குப் போனா மேடம். அன்னிக்குச் சாயங்காலம் வந்து, 'தம்பி, வார்டுல அவர் பேசுறார்டா'ன்னு சொல்லிச் சிரிச்சா. அதுவரைக்கும் ஒரு வாய் சோறு இறங்கல அவளுக்கு. ரெண்டு மாசம் கழிச்சு, குரலை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. என்னால முடியல. நாலே வரி. குரலை மட்டும் வைக்க வழியில்ல. பார்சரை அப்படியே பழசா வச்சாத்தான் பேசும். அளவெல்லாம் மாமா எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

இலக்கணம் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"புள்ளி விதி நான் யோசிச்சது இல்லண்ணா. இங்க பாருங்க, சார் கையெழுத்து. கடைசி வாரம் எழுதியிருக்கார். 'புள்ளியை விழுங்குகிறது. என் தப்பு. உடனே திருத்தணும்.' திருத்தமும் அவரே எழுதி வச்சிருந்தார். நான் சேர்த்தேன், அவ்வளவுதான். அதைத்தான் நீங்க தினமும் அழிச்சிட்டிருந்தீங்க."

பில்ட் அண்ணன் அந்தப் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு நோட்டின் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். மேனேஜர் தயாராக வைத்திருந்த கடிதத்தை ஓசைப்படாமல் நான்காக மடித்தார்.

மாலை 5.25.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நீண்ட தாழ்வாரம். பஸ் டிரைவர் கண் விழித்துவிட்டார். தன் பெயரையும் மனைவி பெயரையும் சரியாகச் சொன்னாராம். தலைமை நர்ஸ் சீருடை மாற்றாமல் அங்கேயே நின்றார். தம்பியை ஆய்வாளருடன் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தம்பி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நம்ம வார்டுக்கு மட்டும் மாத்த மறந்துட்டாங்கன்னு நினைச்சேன் மேடம்," என்றார் கடைசியில். "யார்கிட்டயும் கேக்கல. கேட்டா நிறுத்திடுவாங்க."

"அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பண்ணினது."

"நீ சும்மா இருடா."

அவர் தம்பியின் கன்னத்தை ஒரு கையால் தொட்டார். மறு கையால் ஆய்வாளரின் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பில்ட் அண்ணனின் வாக்குமூலத்துக்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"கீழ எனக்கும் இடம் இருக்கு, எழுதிக்குங்க. வார்டுக்குப் பொறுப்பு நான். மிஷின் மத்த மிஷின் மாதிரி இல்லன்னு முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தக் கட்டில்ல ஆளைப் படுக்க வச்சேன்."

ஆய்வாளர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார்.