எம் முதல் இசட் வரை

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த வெட்டி வேலைகளில் முதலிடம், கேட்ட எழுத்துகள் அத்தனையும் அடங்கிய நீளமான ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கே. இது ஓய்வுபெற்ற ஏட்டையாவின் தீர்ப்பு. இரண்டாமிடம், அப்படித் தேடுகிறவர்களை வேடிக்கை பார்ப்பது. வாரத்தில் மூன்று நாள், இடது கையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு அவர் செய்துவந்தது அதைத்தான்.

டயாலிசிஸ் வார்டில் நேரம் நகராது. அதனால் சிஸ்டர் வெள்ளைப் பலகையில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதுவார். மூன்றும் உள்ள சொற்களில் மிக நீளமானதைச் சொன்னவருக்கு வெற்றி. பரிசு, கைதட்டல். ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம் என்பதால் தொடையில் தட்டுவார்கள். உதவிக்கு, எப்போதோ ஒரு நோயாளி கொடுத்துவிட்டுப்போன அகராதி இருந்தது. முதல் பாகம் ஏ முதல் எல் வரை. இரண்டாவது எம் முதல் இசட் வரை. செங்கல் கனம். தள்ளுவண்டியில் கட்டிலுக்குக் கட்டில் போகும்; ஆட்டம் முடிந்ததும் வண்டியோடு அலமாரிக்குள்.

போட்டி, ஒன்றாம் கட்டில் வாத்தியாருக்கும் மூன்றாம் கட்டில் டெய்லருக்கும். நடுக்கட்டில் ஏட்டையாவுக்கு.

டெய்லர் முதலில் ஜெயித்த சொல் 'அக்காமடேஷன்'. "ரூம் வாடகை எவ்வளவு?" என்றார் ஏட்டையா. சில மாதம் கழித்து 'கங்கிராஜுலேஷன்'. "எதுக்கு, கிட்னி போனதுக்கா?" 'ஹேண்ட்கர்சீஃப்' வந்தபோது, "தையல்காரருக்கு வேற என்ன தோணும்!" போன வாரம் 'லெஃப்டினன்ட்'. "பதவி உயர்வா? சல்யூட் அடிக்கணுமா?"

டெய்லர் கோபித்ததே இல்லை. "அடிங்க ஏட்டையா. ஒரு கை சும்மாத்தானே இருக்கு."

புதன், காலை ஏழு மணி. அலமாரியைத் திறந்து வண்டியை இழுத்தபோது இரண்டாம் பாகம் இல்லை. பூட்டு உடையவில்லை.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் வாத்தியார், பதில் தெரிந்தே. சாவி, வார்டைப் பெருக்கும் ஆயாம்மாவிடம். "பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட்டிருப்பாங்க. வேறென்ன?"

மேட்ரன் வந்தார். நன்கொடைப் பொருள், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "சாயந்திரத்துக்குள்ள புத்தகம் எங்கன்னு தெரியணும். இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

ஆயாம்மா அழவில்லை. அன்று ஆள் வராத மூன்றாம் கட்டிலை விரித்து, தலைமாட்டில் துவைத்து மடித்த பச்சைப் போர்வையை வைத்தார்.

ஏட்டையா எழுந்து உட்கார முயன்றார். குழாய் அனுமதிக்கவில்லை. படுத்தபடியே விசாரணை தொடங்கியது.

"ஆயாம்மா, திங்கக்கிழமை அலமாரியை எப்படிப் பூட்டினீங்க?"

"எப்பவும் போலதான்யா. வண்டியை உள்ள தள்ளுவேன், பூட்டுவேன்."

"ரெண்டு பாகமும் இருந்ததா?"

"மேல துணி மூடியிருக்கும். தூக்கிப் பார்க்கல."

"அந்தப் போர்வை?"

"டெய்லரோடது. அன்னைக்கு விட்டுட்டுப் போயிட்டாரு."

"இங்க படுத்தா குளிர்ல நடுங்குற மனுஷன். போர்வையை எதுல கொண்டுவருவார்?"

"துணிப்பையில. அது நிறைஞ்சு பிதுங்கும்."

ஏட்டையா சும்மா இருந்த கையில் விரல் மடக்கி எதையோ எண்ணினார். எட்டரை மணிக்குத் தொண்டையைச் செருமினார்.

"வாத்தியாரே, எடைக்குப் போடுறவங்க ஒண்ணை மட்டுமா போடுவாங்க?"

"அப்ப நான் எடுத்தேங்கறீங்களா?"

"நீங்க அகராதியைத் தொட்டதே இல்லையே."

"எனக்கெதுக்கு? எல்லாம் தலையில இருக்கு."

"அதான் உங்க சொல் எங்கேயிருந்து வேணா குதிக்கும். டெய்லரோடது அப்படியில்ல. நான் பண்ணின கிண்டல் ஒண்ணும் எனக்கு மறக்காது. ரூம் வாடகை, ஏ. கிட்னி போனது, சி. கைக்குட்டை, ஹெச். சல்யூட், எல். வரிசையா வருது பாருங்க. சொல்லுக்கு நடுவுல இருக்கற எழுத்தை அகராதியில தேட முடியாது. முதலெழுத்துப்படிதான் அடுக்கியிருக்கான். தலையில இல்லாதவனுக்கு ஒரே வழி, முதல் பக்கத்துலேருந்து விடாம படிக்கறது. படிச்சுக்கிட்டே வந்திருக்கார். எல் முடிஞ்சுது. பூட்டைத் திறக்கவே இல்ல. பூட்டுறதுக்கு முன்னாடியே புத்தகம் கிளம்பிடுச்சு. பையில ஒண்ணுக்குத்தான் இடம். போர்வையை விட்டுட்டார்."

"இங்கேயே படிக்கலாமே. எதுக்குத் திருடணும்?" என்றார் வாத்தியார்.

அதற்குப் பதில் சிஸ்டரிடம் இருந்தது. "திங்கக்கிழமை டாக்டர் அவர்கிட்ட பேசினார். நாள் ரொம்ப இல்லன்னு. நேத்து மூச்சு திணறி நாலாவது மாடியில சேர்த்திருக்காங்க."



"போய் வாங்கிட்டு வாங்க ஆயாம்மா," என்றார் ஏட்டையா. "உங்க வேலை பிழைச்சுது."

ஆயாம்மா போனார். வெறுங்கையோடு வந்தார்.

"புத்தகம் எங்க?"

"நெஞ்சு மேல வெச்சுப் படிச்சுக்கிட்டிருக்காருய்யா. 'ஓ' முடியப் போகுதாம். எப்படிப் பிடுங்கறது?"

மேட்ரன் திரும்பி வந்தபோது ஏட்டையா முந்திக்கொண்டார். "புத்தகம் காணாமப் போகல மேடம். மேல ஒரு நோயாளி படிக்க வாங்கியிருக்கார். நான் சாட்சி."

வாத்தியார் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நானும்."

மறு வாரம் புத்தகம் வந்தது. டெய்லரின் மனைவி ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டு, உட்காராமல் போய்விட்டார். புத்தகத்துக்குப் புதிதாகத் துணி உறை தைத்திருந்தது. தையல் சில இடங்களில் கோணியிருந்தது. 'எஸ்' தாண்டி 'டி'யில் ஒரு பக்கத்தில் சிவப்பு நூல். மூன்றாம் கட்டிலில் பச்சைப் போர்வை மட்டும் இருந்தது.

சிஸ்டர் பலகையில் மூன்று எழுத்துகளை எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. வாத்தியார் திரும்பினார். வயிற்றின் மேல் புத்தகத்தைச் சாய்த்து, ஓரத்தை மோவாயால் அழுத்தி, சும்மா இருந்த ஒரு கையால் ஏட்டையா எதையோ செய்துகொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"தூசி தட்டுறேன்."

சிவப்பு நூல் இருந்த பக்கத்தில் தொடங்கி, ஒரு சொல்லையும் விடாமல் தட்டினார்.