குடல் சீரில் மோர்க்குழம்பு

எங்கள் வீட்டில் காலைக் காபிக்கு முன் எல்லோரும் துருமானியில் ஊதிவிட வேண்டும். குடலில் எவ்வளவு துரு ஏறியிருக்கிறது என்று அது சொல்லும். வேலூர் முழுக்க இதே வழக்கம்தான். அப்பா தணிகாசலம் ஊதினால் மட்டும் சிவப்பு எரியும். அவரோ மாட்ச் ஜெயித்தவர் போல எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

சிரிக்கிற விஷயமில்லை. ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் அடங்காத மூலக்கூறுகள் குடல் செல்களின் மரபணுவை அரிக்கின்றன. அரிபட்ட செல்கள் தாறுமாறாகப் பெருகி மொட்டு விடும். மொட்டு நாளடைவில் புற்றாகும். அதைத் தடுக்கத்தான் துருவடக்கி என்ற நுண்ணுயிரை ஒவ்வொரு குடும்பமும் வயிற்றில் வளர்க்கிறது. எங்கள் பரம்பரைத் துருவடக்கி சோம்பேறியாகிவிட்டது. அப்பாவின் பெருங்குடல் நெடுக மொட்டுகள்.

"வேற வீட்டு உயிர் கிடைச்சா தப்பிச்சீங்க. இல்லன்னா பெருங்குடலையே எடுத்துடணும்" என்றார் டாக்டர்.

வேறு வீட்டு உயிரைப் பெறச் சட்டம் விட்டிருக்கும் ஒரே வழி கல்யாண சம்பந்தம். நிச்சயத்தன்று பெண்வீட்டார் ஒரு கலயம் மோரில் அதைக் கொண்டுவருவார்கள். அதற்குக் குடல் சீர் என்று பெயர். நான் நிறைமதியைக் காதலித்தது கலயத்துக்காக அல்ல. இதைப் பலமுறை சொல்லியும் அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் சாயங்காலம் நல்ல நேரத்தில் அப்பா கலயத்தைக் குடிப்பதாக ஏற்பாடு. மறுநாள் மத்தியானம் அப்பா மறுசோறு கேட்டார்.

"குணவதி, மோர்க்குழம்பு அபாரம்."

"சம்பந்தி வீட்டு மோருண்ணா. புளிப்பு அப்படி" என்றாள் அத்தை. நெடுங்காலம் நிலவுக் குடியிருப்பில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். குடல் சீரெல்லாம் அவளுக்குத் தெரியாது.

சமையற்கட்டுக்கு ஓடிப் பார்த்தேன், கலயம் காலி. கொதித்ததில் ஓர் உயிர்கூடத் தேறியிருக்காது. குடலிலிருந்து எடுத்து மோருக்குப் பழக்கி அடுத்த கலயம் விளைய ஒரு வருஷமாகும். அப்பாவின் மொட்டுகள் அதுவரை காத்திருக்காது. நிறைமதியைத் திரையில் அழைத்துச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு அத்தையிடம் பேசினாள்.

"அத்தை, அந்த மோரு முழுசையும் கொதிக்க வச்சிட்டீங்களா?"

"முழுசையுமா? நிலவுல பாக்கெட் தயிர் ஏதும்மா? ஒரு கரண்டி எடுத்துப் பாலுக்கு உறை ஊத்தாம நான் மோரையே தொடமாட்டேன்."

"திறந்து பாருங்க. லேசா நீலம் பாஞ்சிருந்தா அது எங்க வீட்டு உயிர்."

அத்தை மூடியைத் தூக்கினாள். கெட்டித் தயிர். ஓரமெல்லாம் நீலம். சமையற்கட்டிலேயே அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அப்பா நின்றபடியே ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாணத்துக்குள் மொட்டுகள் வாடிவிட்டன. குடலில் கத்தி வைக்கத் தேவையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்பா முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசிப் பந்தியில்தான் எழுந்தார்.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும்போது நிறைமதியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். அப்பா அவரிடம் போனார்.

"அழாதீங்க சம்பந்தியம்மா. உங்க வீட்டு உயிருதான் என்னைக் காப்பாத்துது. அதை எப்படிப் பாத்துக்குறேனோ, அப்படித்தான் உங்க பொண்ணையும் பாத்துப்பேன்."

அழுகைக்கு நடுவே அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சந்தோஷம்ங்க. அடுப்புல மட்டும் ஏத்திடாதீங்க."