பால் பாத்திரத்தில் கொண்டையன்

கொண்டையனின் தொட்டி காலியாக இருந்தது.

கொண்டையன் ஓர் ஆக்சலாட்டல். தவளைக்குத் தூரத்து உறவு. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும். தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்கள். எப்போது பார்த்தாலும் சிரிக்கிற வாய். வேலைக்காக வெளியூர் போன அத்தை, "பத்திரமாப் பாத்துக்கோ" என்று அக்காவை நம்பித்தான் விட்டுப் போயிருந்தார்.

அக்கா வீடு முழுக்கத் தேடினாள். அடுப்படியில் பால் பாத்திரத்தைக் காணோம். தம்பியையும் காணோம். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

தெருமுனைப் பூங்காவில், குளக்கரையில் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் பால் பாத்திரம். உள்ளே தண்ணீரில் கொண்டையன் சிரித்துக்கொண்டிருந்தது.

"டேய்! என்னடா பண்றே?"

"இதுக்கு விடுதலை குடுக்கப் போறேன்," என்றான் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டே. "டிவில சொன்னாங்கல்ல? உலகம் பூராத் தொட்டியில நிறைய இருக்காம். ஆனா அதோட சொந்த ஏரியில தேடினாக்கூடக் கிடைக்கறதில்லையாம். அடியோட அழிஞ்சே போயிடுமாம். பாவம் இல்ல?"

அக்காவுக்குத் திட்டத்தான் வந்தது. ஆனால் அவன் அழுதிருப்பது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சரி. முதல்ல இங்க அதுக்குச் சாப்பாடு கிடைக்குமான்னு பாத்துடலாம்."

ஈர மண்ணைக் கிளறி ஒரு மண்புழுவை எடுத்தாள். "கொண்டையன் எப்படிடா சாப்பிடும்?"

"மூஞ்சிக்கு நேரா ஆட்டணும். கண்ணு சரியாத் தெரியாதுல்ல? கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம் லபக்!"

அக்கா புழுவைக் குளத்தில் போட்டாள். அவ்வளவுதான்! கொழுத்த மீன்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. புழு போன இடம் தெரியவில்லை.

தம்பி பாத்திரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "யோசிக்கவே விடலையே!"

"கொண்டையன் யோசிச்சிட்டே நின்னா, இந்த மீனுங்க அதையே கடிச்சிடும். தண்ணியைத் தொட்டுப் பாரு, வெதுவெதுன்னு இருக்கு. இதுக்குக் குளிர்ந்த தண்ணிதான் ஆகும். சரி, சொந்த ஏரியில ஏன் குறைஞ்சுதுன்னு சொன்னாங்களே, கேட்டியா?"

"அதுக்குள்ள நான் பாத்திரம் எடுக்கப் போயிட்டேன்."

"அதானே பாத்தேன்! ஏரித் தண்ணி அழுக்காயிடுச்சாம். அது போதாதுன்னு வேற ஊர் மீனையெல்லாம் கொண்டுவந்து விட்டாங்களாம். அதுங்க முட்டை, குஞ்சுன்னு ஒண்ணு விடாமத் தின்னுதாம்."

அப்போது மாடி வீட்டுக் கண் டாக்டர் வந்தார். கையில் தண்ணீர்ப் பை. அதில் இரண்டு ஆரஞ்சு நிற மீன்கள்.

"வீடு மாத்தறேன். இதுங்களாவது சுதந்திரமா இருக்கட்டும்," என்று பையின் முடிச்சை அவிழ்த்தார்.

"நில்லுங்க டாக்டர்!" தம்பி பாத்திரத்தோடு குறுக்கே போய் நின்றான். "வளர்த்த மீனைக் குளத்துல விடலாமா? இங்க இருக்கற முட்டை, குஞ்சையெல்லாம் தின்னுடுமே! இதுகூடத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் முன்பு அதே வேலைக்கு வந்தவன் பேசுகிற பேச்சு! அக்கா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் திருதிருவென்று விழித்தார். "அப்ப இதுங்களை நான் என்னம்மா பண்றது?"

"எங்க வீட்டுல இன்னொரு தொட்டி சும்மாதான் கிடக்கு டாக்டர். நாங்க வளக்கறோம்," என்றாள் அக்கா.

வாசலில் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"ஒண்ணைத் தூக்கிட்டுப் போய் மூணாக் கொண்டுவந்திருக்கீங்களா?"

"மூணையும் காப்பாத்தியிருக்கோம்மா!" என்றான் தம்பி. "கொண்டையனை அக்கா காப்பாத்தினா. மீனை ரெண்டு பேரும் காப்பாத்தினோம். ஆனா குளத்தைக் காப்பாத்தினது நான் மட்டும்தான்!"

அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவன் சொன்னது உண்மைதானே!