நாலாம் லீவரின் சிவப்புத் துணி

ரசமட்டத்தின் குமிழி நடுவில்தான் நின்றது. பலகையின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தாயிற்று, குறுக்கே வைத்தும் பார்த்தாயிற்று. மயிரிழை சரிவு கிடையாது. அப்படியிருந்தும், அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவள் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு மாடி ஏறி வருவதற்குள், பலகைமேல் போட்ட பொம்மை ரயில் யார்டின் கழுத்து லைனில் விட்டுப்போன சரக்குப்பெட்டி உருண்டு நாலாம் லைனுக்குள் போய், அங்கே நின்ற இரண்டு பெட்டிகளோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.

எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் மேசை ஓரத்தைக் கவனித்தாள். நாலாம் லீவர் இழுத்தபடி கிடந்தது. எலி எதையும் கடிக்கும், லீவர் இழுக்காது.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் தெருவில் அவளைக் கேபின்காரி என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருடம் ரயில்வே சரக்கு யார்டின் கேபினில் நின்று, தடம் மாற்றும் லீவர் இழுத்தவள். கண் எங்கே போயிற்று என்று எஞ்சின் டிரைவர்களையே வாய்க்கு வந்தபடி கேட்டவள். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும். அவளுக்குக் கோபம் வரும்.

மாடி அறையில் இரண்டு கதவு நீளத்துக்குப் பலகை போட்டு அவள் பொம்மையாகக் கட்டிக்கொண்டிருந்தது, தான் வேலை பார்த்த யார்டு இல்லை. அதைவிட நல்ல யார்டு. பழையதில் கழுத்து லைன், அதாவது பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு லைனுக்கும் அனுப்பும் அந்த ஒற்றைத் தடம், லேசாகச் சரிந்திருக்கும். கழற்றிவிட்ட பெட்டி தானே உருளும். இதில் அது தட்டைப் போல மட்டம். அங்கே கேபின் ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி நின்று நாலாம் லைனின் பாதியை மறைக்கும். இதில் தொட்டியே கிடையாது. ஐந்து லைனும் கேபினிலிருந்து கடைசி வரை தெரிய வேண்டும் என்று பதினோரு தடவை அழித்து வரைந்தாள். சைக்கிள் கம்பியில் ஐந்து லீவர் செய்து மேசை ஓரத்தில் பதித்தாள். இந்த யார்டில் யாரும் சாக மாட்டார்கள். வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர, அத்தனை மெனக்கெட்டதும் அதற்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைக் கழுத்து லைனுக்கே திருப்பி வைத்து, சக்கரத்தடியில் இரண்டு குண்டூசி குத்தி நிறுத்திவிட்டு, இப்போ உருளு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது பெட்டி நாலாம் லைனில் நின்றது. குண்டூசிகள் இரண்டும் அட்டைக் கேபினின் ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. நாலாம் லீவரில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புத் துணித் துண்டு கட்டியிருந்தது. தொட்டாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அண்ணாந்து பார்த்தாள்; கூரை காய்ந்துதான் இருந்தது.

அவள் கணவர் கீழே தையல் கடை வைத்திருக்கிறார். துணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டு, என்ன விளையாட்டு இது என்று கேட்டாள். அவர் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு மாதமாக வெள்ளைச் சட்டைதான் தைக்கிறேன், சிவப்புக்கு நான் எங்கே போவேன் என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் அந்தப் பலகையை மூடி வையேன் என்றார். மூட மாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தாள்.

துணித் துண்டை ஜன்னல் வழியே எறிந்தாள். புதன்கிழமை அது மறுபடி லீவரில் இருந்தது. கூடவே வாசனை. ஈரத் துரு, கிரீஸ், நனைந்த சாக்கு, அடியில் இன்னும் ஒன்று, சூடான இரும்பை நாக்கில் வைத்தாற்போல. ஏழு வருடமாக மூக்கை விட்டுப் போகாத வாசனை அது.

அவளுடைய தம்பி அதே யார்டில் பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டும் வேலையில் இருந்தவன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே புகுந்து சங்கிலியைக் கோத்துவிட்டு வெளியே வர வேண்டும். உள்ளே போகுமுன் கேபினுக்கு ஏறி வந்து, அந்த லைனின் லீவரில் தன் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவான். துணி இருக்கும்வரை லீவரைத் தொடக்கூடாது. கட்டியவனே வந்து அவிழ்த்து, 'வந்துட்டேன், இழு' என்று சொல்ல வேண்டும். கேபினில் இருப்பவர் அவன் வெளியே நிற்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இழுப்பது. யார்டில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஏழு வருடத்துக்கு முன்னால் அன்று மாலை மணி நாலு பத்து. கொட்டுகிற மழை. 'அவன் வெளிய வந்துட்டான், இழு, நேரமாச்சு' என்று போர்மேன் கீழேயிருந்து கத்தினார். தொட்டி மறைத்தது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. தம்பியின் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். இழுத்தாள். கழுத்து லைனில் நின்ற பெட்டி உருண்டு நாலாம் லைனுக்குள் போனது.

போர்மேன் சொல்லிக்கொடுத்தபடி, துணியே இல்லை என்று விசாரணையில் சொன்னாள். தம்பி செத்தது அவன் கவனக்குறைவால் என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்தத் துணியைப் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய சேலைகளுக்குக் கீழே வைத்தாள். பிறகு அதைத் திறந்தே பார்க்கவில்லை. தம்பியின் மனைவி வந்து, அவர் கட்டித்தான் இருப்பாரு, இல்லையாக்கா என்று ஒரே ஒரு தடவை கேட்டபோதும், இல்லை என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானமே இருட்டிவிட்டது. மூன்று மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு, தம்பி மனைவிக்கு போன் செய்தாள். ஏழு வருடமாகச் செய்யாத போன். நலம் விசாரிக்கவெல்லாம் தெம்பில்லை.

"அன்னிக்கு அவன் துணி கட்டியிருந்தான். அவிழ்த்தது நான்தான்."

அந்தப் பக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. அங்கேயும் மழைதான்.

"தெரியும்க்கா," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. தூக்கம் கெட்டவளின் அசதிதான் இருந்தது. "அவரே சொன்னாரு. மழை பெஞ்சா வந்துடுவாரு. துணியைக் காணோம், அதை அவிழ்த்தாத்தான் வேலை முடியும்னு வீடு பூரா தேடுவாரு. எனக்கும் முடியல. திங்கட்கிழமை விடிகாலைலயே இங்க மழை, உங்க அக்கா வீட்டுல இருக்கும், போய்க் கேளுங்கன்னு அனுப்பிட்டேன்."

நாளைக்கே ஆபீசுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்கிறேன், அவன்மேல் எழுதினதை அழிக்க வைக்கிறேன் என்று கேபின்காரி படபடவென்று சொன்னாள். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றாள்.

"அதை அவர்கிட்டயே சொல்லுங்க," என்றாள் தம்பி மனைவி. போனை வைத்துவிட்டாள்.

பயம் வழக்கம்போல் கோபமாக மாறியது. டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை வாரி வெளியே போட்டாள். துணி கிடைத்தது. ஏழு வருடத்துக்குப் பிறகும் ஈரம். மேலே கொண்டுவந்து, பொம்மைப் பெட்டியைக் கழுத்து லைனில் திருப்பி நிறுத்திவிட்டு, துணியை நாலாம் லீவரில் இறுக்கிக் கட்டினாள். கைப்பிடி அளவு லீவரில் அத்தனை பெரிய துணி தரைவரை தொங்கியது.

"வா," என்றாள் அறையைப் பார்த்து. "குண்டூசியை எடுத்து வைக்கறது, துண்டு கட்டறது, இதெல்லாம் வேண்டாம். தப்பு என்னோடதுதான். நாளைக்கு ஊரறியச் சொல்லப்போறேன். ஆனா இதை நான் மறுபடி தொட மாட்டேன். கட்டினவன் நீ. நீயே வந்து அவிழ்த்துக்கோ."

அறையின் இரட்டைக் கதவு மழையில் ஊதிப்போய் முழுக்கச் சாத்தாது. இரண்டு கதவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும். கதவுக்கு முதுகைக் காட்டி, இடது கையால் லீவரைப் பிடித்தபடி நின்றாள். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மணி நாலு ஆனது. நாலு ஐந்து.

மிஷின் நின்றது.

"யாரு, மேலயா?" கணவரின் குரல். வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரல். "போங்க, மேலதான் இருக்கா."

படியில் காலடி. ஒரு கால் வைத்தது. ஒரு கால் இழுபட்டது. அவள் எண்ணினாள். பதினாலு படி. பதினாலும் முடிந்தது. கிரீஸ் வாசனை. ஈரச் சாக்கு. சூடான இரும்பு.

கதவு திறக்கவில்லை.

தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை நீண்டு வந்தது. கதவிலிருந்து மேசைக்கு ஆறு அடி. அந்தக் கைக்கு அது எட்டியது. விரல்களில் கருப்பு மசகு. மோதிர விரலில் சின்ன வயதுத் தழும்பு. பம்பரக் கயிறு அறுத்தது, அவள்தான் மருந்து போட்டாள். விரல்கள் முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தன. துணியை எடுத்துக்கொண்டன.

"வந்துட்டேன்க்கா. இழு."

அவன் குரலேதான். தட்டையாக, காற்றில்லாமல்.

கழுத்து லைனில் பெட்டி அசைந்தது. அவள் கைக்குள் லீவர் துடித்தது. யாரோ மறுபக்கம் பிடித்து இழுப்பதைப் போல. இரண்டு கையாலும் பிடித்தாள். பல்லைக் கடித்தாள்.

"இருடா. என் கண்ணால பார்க்காம இழுக்க மாட்டேன்."

திரும்பினாள்.

கதவிடுக்கில் அவன் நின்றான். நெற்றியிலிருந்து கால்வரை அந்த நாலு விரல் அகலத்துக்குள் முழுசாக அடங்கியிருந்தான். மடித்துத் தேய்த்த சட்டையைப் போல நெஞ்சு. அதில் பெட்டிகளின் முட்டுத் தட்டுகள் பதிந்த இரண்டு வட்டத் தழும்பு. முகம் மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்தது. அவனுக்கு இரண்டு பக்கமும் கதவுகள் இரண்டு சரக்குப்பெட்டிகளைப் போல மெதுவாக நெருங்கிக்கொண்டிருந்தன.

"இழுக்கா."

லீவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. ரத்தம் வந்தது. அவள் விடவில்லை.

அவன் இன்னும் வெளியே வரவில்லை.